பொய்ப் பூச்சியும் மெய் வலியும்

சென்ற ஆண்டு மார்கழித் திங்களில் என் பெயருக்கு ஒரு சிறு பொட்டலம் வந்தது. அனுப்பியவன் என் மகள் வயிற்றுப் பேரன். அமெரிக்க நாட்டில், மொன்டானா மாநிலத்தில், போஸ்மன் என்னும் ஊரில் படித்து முடித்து அங்கேயே பணியில் அமர்ந்திருப்பவன். பொட்டலத்தினுள் உள்ளங்கையில் அடங்கும் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. திறந்தேன், திடுக்கிட்டு உடனே மூடிவிட்டேன். உள்ளே பன்னிரண்டு பூச்சிகள் வரிசையாய்ச் செத்துக் கிடந்தன என்றே எண்ணினேன்.

மூக்குக்கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு மீண்டும் பார்த்த பிறகுதான், அவை பூச்சிகள் அல்ல என்பது விளங்கியது. ஒவ்வொன்றின் வயிற்றுக்கடியிலும் மெல்லிய தூண்டில் முள் வளைந்து நின்றது. இறகும் மயிரும் நூலும் கொண்டு கட்டப்பட்ட பொய்ப் பூச்சிகள் அவை. சில, சுண்டுவிரல் நகத்தினும் சிறியவை. "பாட்டி, இவற்றை நானே கட்டினேன். உங்களுக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது" என்று ஒரு துண்டுத்தாளில் எழுதியிருந்தான்.

அடுத்த ஞாயிறன்று தொலைபேசியில் பேசினான். அங்குள்ள ஆறுகளில் டிரவுட் என்னும் மீன் உண்டென்றும், நண்பர்களோடு சென்று இப்பொய்ப் பூச்சிகளைக் கொண்டு அதனைப் பிடிக்கப் பழகியிருப்பதாகவும் சொன்னான். பிறகு சற்றே தயங்கி, "நான் மீனைக் கொல்வதில்லை பாட்டி. தின்பதும் இல்லை, நம் வீட்டுச் சாப்பாட்டை நான் இன்னும் மாற்றவில்லை. பிடித்து ஒரு நொடி பார்த்துவிட்டு ஆற்றிலேயே விட்டுவிடுகிறேன். இது பாவமா?" என்று கேட்டான்.

"பாவந்தான். இன்றோடு விட்டுவிடு" என்றேன்.

மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. "சரி பாட்டி" என்றான். அதன்பின் அவ்வூர்ப் பனியைப் பற்றிப் பேசினோம்.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பல்லாண்டுகள் பணியாற்றியவள் நான். மாணவன் கேட்கும் கேள்விக்கு எடுத்த எடுப்பில் சரி, தவறு என்று தீர்ப்புக் கூறாதீர்கள். அக்கேள்வி அவன் உள்ளத்தில் எவ்வாறு எழுந்தது என்பதை முதலில் அறியுங்கள் என்று எத்தனையோ இளம் ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் வீட்டுப் பிள்ளை கேட்டபோது அதனை மறந்தேன். அந்த உறுத்தலால், இவ்விளையாட்டு யாது, அதனை ஆடுவோர் கூறும் நியாயம் யாது என்பதை அவனிடமே நூல்கள் கேட்டு வாங்கிச் சில திங்கள் படித்தேன். படித்தவற்றையும் எண்ணியவற்றையும் நம் குடும்பத்தார் முன் வைக்கிறேன். நம் பிள்ளைகள் இன்று எந்தெந்த நாட்டு ஆற்றங்கரைகளிலோ வாழ்கிறார்கள். இத்தகைய கேள்வி நாளை உங்கள் வீட்டிலும் எழக்கூடும்.

டிரவுட் எனக்கு முற்றிலும் புதிய பெயரன்று. நீலகிரியில் குடியேறிய ஆங்கிலேயர், தம் நாட்டு விளையாட்டை இங்கும் ஆட விரும்பி அம்மீனைக் கொண்டுவர முயன்றனர். 1863-இல் பிரான்சிஸ் டே என்பவர் செய்த முதல் முயற்சி வெற்றி பெறவில்லை. பின்னர் 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் ஒன்று அமைந்தது. பயிற்சி மாணவியரை அங்கே சுற்றுலா அழைத்துச் சென்றபோது, தொட்டியில் குளிர்ந்த நீரோட்டத்தை எதிர்த்து அசையாது நின்ற புள்ளி மீன்களைப் பார்த்திருக்கிறேன். தெளிந்ததும் குளிர்ந்ததுமான ஓடும் நீரிலன்றி வாழாத மீன் அது.

அதன் உணவில் பெரும்பங்கு நீர்ப்பூச்சிகளே. அவற்றுள் ஆங்கிலேயர் 'மே ஈ' என்றழைக்கும் இனத்தின் வாழ்க்கை வியப்புக்குரியது. முட்டையிலிருந்து வெளிவந்த இளம்பூச்சி, ஆற்றடியில் கல்லிடுக்கிலும் சேற்றிலும் ஓராண்டு, சில வகைகளில் ஈராண்டுகூட, ஊர்ந்து திரிகிறது. ஒருநாள் நீர்ப்பரப்புக்கு எழுந்து, தோலை உரித்து, இறக்கை விரிக்கிறது. இறக்கை பெற்ற பின்னரும் இன்னொரு முறை தோலுரிக்கும் பூச்சியினம் இது ஒன்றே. இறக்கை வந்தபின் அதற்கு உண்ணும் வாய் இல்லை. கூடி, முட்டையிட்டு, ஓரிரு நாளில், சில வகைகளில் சில மணி நேரத்திலேயே, இறந்து நீரில் விழுகிறது. மழைக்குப்பின் நம் வீட்டு விளக்கைச் சுற்றும் ஈசலை நினைத்துக்கொள்ளுங்கள். நிலையாமையை நமக்கு உணர்த்த இதனினும் தக்க சான்று வேண்டுமோ?

அப்பூச்சிகள் நீரைவிட்டு எழும் அந்தச் சிறு பொழுதில் மீன் மேலே வந்து ஒவ்வொன்றாக உறிஞ்சி விழுங்கும். நீர்மேல் வட்டம் வட்டமாய் அலை தோன்றும். அவ்வேளையில் கரையிலோ முழங்காலளவு நீரிலோ நிற்பவன், எந்தப் பூச்சி எழுகிறது, அதன் நிறமென்ன, அளவென்ன என்பதை உற்று நோக்கி, அதற்கொத்த பொய்ப் பூச்சியைத் தன் பெட்டியிலிருந்து எடுத்து நரம்பின் நுனியில் முடிகிறான். நம் ஊர் ஏரிக்கரைத் தூண்டிலைப் போல் மண்புழுவோ தக்கையோ இங்கில்லை. பூச்சிக்கு எடையே இல்லாததால், தடித்த கயிற்றின் எடையால்தான் அதனை வீச வேண்டும். கோலை முன்னும் பின்னும் அசைக்க, கயிறு வானில் நீண்டு வளைந்து சென்று, நுனியிலுள்ள பூச்சியை நீர்மேல் பஞ்சுபோல் இறக்கிவிடும். ஆற்றின் ஓட்டத்தோடு அது இயல்பாக மிதந்து வரவேண்டும். நரம்பு சிறிது இழுபட்டாலும் மீன் ஐயுற்று விலகிவிடும். பேரன் அனுப்பிய காணொளியில் அவன் வீசுவதைக் கண்டேன். கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

இது நேற்று முளைத்த வழக்கமுமன்று. மாசிடோனியர் சிவப்புக் கம்பளி நூலையும் சேவல் இறகையும் முள்ளில் சுற்றி மீன் பிடித்ததை, சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் ஈலியன் என்பவர் எழுதிவைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் இத்தொழிலைப் பற்றிய முதல் நூல் 1496-இல் அச்சேறியது. பன்னிரண்டு வகைப் பொய்ப் பூச்சிகளைக் கட்டும் முறை அதிலுண்டு. அதனை இயற்றியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கிறித்தவத் துறவி அம்மையார் என்பது வழிவழி வரும் செய்தி, உறுதியான சான்றில்லை. துறவியொருவர் பெயரால் மீன்பிடி நூல் வழங்குவதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். 1653-இல் வெளிவந்த ஐசக் வால்டனின் நூலோ, இதனைச் சிந்தனையாளருக்குரிய பொழுதுபோக்கு என்று போற்றுகிறது.

பின்னாளில் இங்கிலாந்தில் இது ஏறக்குறைய ஒரு சமயக் கோட்பாடாகவே ஆகிவிட்டது. 1886-இலும் 1889-இலும் நூல்கள் எழுதிய ஹால்ஃபோர்டு என்பவரின் வழியினர், நீர்மேல் மிதக்கும் பூச்சியைக் கொண்டு, மேலெழும் மீனை மட்டுமே பிடிப்பதுதான் முறை என்றனர். 1910-இல் ஸ்கூஸ் என்பவர், நீருக்கடியில் உள்ள இளம்பூச்சியைப் போலச் செய்து பிடிப்பதிலும் தவறில்லை என்று எழுதினார். 1938-இல் லண்டனில் அவர்களுடைய கழகத்தில் இதற்கென ஒரு விவாதமே நடந்தது. எந்த ஏமாற்று முறையானது, எது முறையற்றது என்பதை அத்தனை பெரியவர்கள் அமர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த அறமெல்லாம் தூண்டிற்காரனுக்கும் தூண்டிற்காரனுக்கும் இடையிலானது. ஏமாறும் மீனுக்கும் அதில் ஒரு கட்சி உண்டென்று எழுந்து பேசியவர் உண்டா என்று தேடினேன். நான் படித்த பக்கங்களில் கிடைக்கவில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாலறிவுயிர், ஐயறிவுயிர் என்று நாம் பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்கிறோம். நம் முற்றத்தில் பறக்கும் நாலறிவுயிர்களுள் பத்தின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? என் பேரன் ஒரே ஆற்றில் எழும் பூச்சிகளை இருபது முப்பது வகையாகப் பிரித்து, இது இந்த மாதம் வரும், இது மாலையில் மட்டும் எழும், இது கல்லடியில் கூடு கட்டும் என்று சொல்கிறான். சிற்றுயிரை இத்தனை கூர்ந்து நோக்குபவன் அதனைக் காக்கக் கற்றவனா, அதனை வேடமாக அணியக் கற்றவனா? இரண்டும்தான் என்று தோன்றுகிறது.

இவ்விடத்தில் என் குறை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இயற்கைப் பாடத்திற்காகப் பூச்சித் தொகுப்பேடு தயாரிக்க வேண்டும் என்று பயிற்சி மாணவியரிடம் ஆண்டுதோறும் சொல்லி வந்தேன். அவர்கள் பட்டாம்பூச்சியையும் தும்பியையும் பிடித்து, மருந்திட்ட புட்டியில் அடைத்து, குண்டூசியால் அட்டையில் குத்திக் கொண்டுவருவார்கள். நான் மதிப்பெண் போடுவேன். என் கையால் ஒன்றையும் கொன்றதில்லை என்று என்னையே தேற்றிக்கொண்டேன். செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூன்று வழியாலும் வினை வந்து சேரும் என்று காலையில் சுவாத்தியாயத்தில் படித்தவள், பகலில் அதனைச் செய்வித்தேன். பேரனுக்குத் தீர்ப்புக் கூறிய வாய் இதுதான்.

அந்தப் பெட்டிக்குத் திரும்புவோம். ஒரு பொய்ப் பூச்சி எவற்றால் ஆகிறது? பொன்னிறச் சேவலின் கழுத்திறகு; முயற்காதின் மயிர்; ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழியின் வாலிறகு. இறகுக்காகவே நெடுங்கழுத்துச் சேவல்களை வளர்த்து, கழுத்துத்தோல் முழுவதையும் இறகோடு உரித்து விற்கும் பண்ணைகள் அமெரிக்காவில் உண்டு. ஆசை அத்தோடு நிற்பதில்லை. சால்மன் மீனுக்கான பகட்டுப் பூச்சிகளைக் கட்டவென்று, 2009-இல் இங்கிலாந்தின் டிரிங் நகர் அருங்காட்சியகத்திலிருந்து 299 அரிய பறவைத் தோல்கள் களவாடப்பட்டன. உலோபம் எந்தச் சந்தினுள்ளும் நுழையும்.

பல பூச்சிகளின் உடலில் பச்சையும் செம்பும் கலந்து மின்னும் ஓர் இழை சுற்றப்பட்டிருந்தது. விரலால் தொட்டதுமே தெரிந்துவிட்டது. மயில்தோகையின் இழை. நீரில் அதன் மினுமினுப்பைக் கண்டு மீன் மயங்குமாம். நம் முனிவர் பெருமக்கள் அமரும் இடத்திலும் நடக்கும் வழியிலும் எறும்புக்கும் இன்னலின்றி ஒதுக்குவதற்கு ஏந்தும் பீலியும் இதே இறகுதான். மயில் தானே உதிர்த்தது. உயிரை ஒதுக்கிக் காக்கும் இறகு, இன்னொரு நாட்டில் உயிரைக் கவரும் முள்ளைப் போர்த்துகிறது. இறகின்மீது என்ன குற்றம்?

இனி வலியைப் பற்றி. மீனுக்கு வலியுண்டா என்ற கேள்வி அங்கே பழையது. கவிஞர் பைரன் 1823-இல் தம் நெடும்பாடலொன்றில் வால்டனைக் கொடியவர் என்று சாடி, அவர் தொண்டையிலேயே ஒரு முள்ளை மாட்டிச் சிறு டிரவுட் ஒன்று இழுக்கட்டும் என்ற கருத்தில் எள்ளி நகையாடியிருக்கிறார். நமக்கு இதில் ஐயமில்லை; மீன் ஐம்பொறியும் உடைய உயிர். ஆனால் பேரன் அறிவியல் படித்தவன். அவனுக்கு அவன் மொழியில் சொல்ல வேண்டுமே என்று தேடியபோது, 2003-ஆம் ஆண்டு ஆய்வொன்று கிடைத்தது. ஸ்காட்லாந்தில் ரோஸ்லின் நிறுவனத்தைச் சேர்ந்த லின் ஸ்னெடனும் அவரோடு பிரெய்த்வெயிட், ஜென்டில் ஆகியோரும் செய்தது. வானவில் டிரவுட்டின் தலையில் 58 உணர்வுமுனைகளை ஆராய்ந்து, அவற்றுள் 22 வலியுணர் முனைகள் என்று கண்டனர். உதட்டில் தேனீ நஞ்சோ புளிக்காடியின் அமிலமோ செலுத்தப்பட்ட மீன்கள் விரைந்து மூச்செறிந்தன, உடலை ஆட்டின, அமிலம் பெற்றவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. மற்ற மீன்கள் சுமார் 80 நிமிடத்தில் மீண்டும் இரையுண்ண, இவை ஏறத்தாழ மூன்று மணி நேரம் உண்ணவில்லை. வலி உண்டென்று காட்டுவதற்கும் அம்மீன்களுக்கு வலி கொடுக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது வருத்தமே மிகுகிறது. மனித மூளையின் மேற்புறணி போன்றது மீனுக்கு இல்லை. ஆகவே நாம் துய்க்கும் வலி அதற்கு இராது என்று வாதிடும் அறிஞரும் உள்ளனர். இருக்கட்டும். உண்டா இல்லையா என்ற ஐயம் இருக்கும்போது, ஐயத்தின் பயனை யாருக்குக் கொடுப்பது? வினாத்தாள் திருத்தும்போது நான் எப்போதும் மாணவனுக்கே கொடுத்தேன்.

தூண்டிற்காரர் தரப்பில் வலுவான நியாயங்களும் உண்டு. 1939-இல் லீ வுல்ஃப் என்ற அமெரிக்கர், நல்ல மீனை ஒரே முறை பிடித்து முடித்துவிடுவது வீண் என்று எழுதினார். அன்றுமுதல் பிடித்து விடும் வழக்கம் அங்கே வளர்ந்தது. எதிர்முள் இல்லாத முள்ளையே பலர் பயன்படுத்துகின்றனர். 1981-இல் யெல்லோஸ்டோன் ஆற்றில், பிடித்த மீனை விட்டே தீரவேண்டும் என்ற விதியுள்ள பகுதியில் ஆய்ந்தபோது, ஒரு முறை பிடிபடுவதால் இறக்கும் மீன் நூற்றுக்கு 0.3 மட்டுமே என்று கண்டனர். கவனமின்றிப் பிடித்தால் கணக்கு மாறும். 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், களைக்கும்வரை துரத்தப்பட்டபின் ஒரு நிமிடம் நீருக்கு வெளியே வைக்கப்பட்ட மீன்களுள் நூற்றுக்கு 72 பன்னிரண்டு மணி நேரத்தில் இறந்தன. படமெடுப்பதற்கு ஒரு நிமிடம் நெடுநேரமன்று, பாருங்கள்.

ஆறுகளைக் காப்பதிலும் இவர்கள் முன்நிற்கின்றனர். இங்கிலாந்தில் 1948-இல் ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர் தொடங்கிய தூண்டிற்காரர் சங்கம், ஆற்றில் கழிவைக் கலந்தோரை வழக்குமன்றத்திற்கு இழுத்தது. 1959-இல் மிச்சிகனில் தோன்றிய 'டிரவுட் அன்லிமிடெட்' இன்றும் ஓடைகளைச் செப்பனிடுகிறது. தூண்டிலே ஏந்தாத நாம், நம் பாலாற்றுக்கு என்ன செய்துவிட்டோம்?

ஆனால் மேற்கிலும் எல்லாரும் ஒரே வழியில் எண்ணவில்லை. ஜெர்மனியின் 1972-ஆம் ஆண்டு விலங்குக் காப்புச் சட்டம், தக்க காரணமின்றி எந்த விலங்கையும் வருத்தலாகாது என்கிறது. உண்பது தக்க காரணம், வெறும் விளையாட்டு அன்று என்பது அங்கு பொதுவாகக் கொள்ளப்படும் கருத்து. சுவிட்சர்லாந்து 2008-இல் இயற்றிய விதி இன்னும் வெளிப்படையானது: விடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதையே தடுக்கிறது. அதாவது, தின்பவனை விட்டுவிட்டு, விடுபவனைக் குற்றவாளியாக்குகிறது சட்டம். முதலில் எனக்கு இது தலைகீழாய்த் தோன்றியது. எண்ண எண்ண, நம் நூல்கள் சொல்லும் ஒன்றை அவர்கள் வேறு வாசல் வழியே வந்து தொட்டிருக்கிறார்கள் என்று பட்டது. இல்லறத்தார்க்கு ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என்னும் மூவகை இம்சை ஓரளவு தவிர்க்க இயலாதவை. சங்கற்ப இம்சை மட்டும் அறவே விலக்கத்தக்கது. பயனில்லாத துன்பத்தை அநர்த்த தண்டம் என்று தனியே பெயரிட்டு விலக்கச் சொன்னதும் இதனாலன்றோ? பசிக்காகச் செய்வதும் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் பசியும் இல்லை, பகையும் இல்லை, பிழைப்பும் இல்லை என்னும்போது எஞ்சி நிற்பது சங்கற்பம் ஒன்றே.

'கொல்லவில்லையே' என்பான் பேரன். யசோதரன் மட்டும் எதைக் கொன்றான்? தாய் சந்திரமதியின் சொல்லைத் தட்டமாட்டாமல், உயிர்க்கோழிக்கு மாற்றாக மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். ஓர் உயிரும் துடிக்கவில்லை. ஆயினும் தாயும் மகனும் மயிலும் நாயும் மீனும் ஆடும் கோழியுமாய்ப் பிறவிதோறும் உழன்றதை யசோதர காவியத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாம். திரவிய இம்சை இல்லாவிடினும் பாவ இம்சை உண்டு. (இங்கே பாவம் என்பது உள்ளக் கருத்தைக் குறிக்கும் வடசொல், தீவினையைக் குறிப்பதன்று. மாணவர்கள் இவ்விடத்தில் தவறாமல் குழம்புவார்கள்.) அங்கே மாவினால் கோழி செய்தான், இங்கே கோழியினால் பூச்சி செய்கிறார்கள். இங்கே துடிக்கும் உயிரும் ஒன்று உண்டு.

இவ்வளவும் எழுதி முடித்து, பேரனுக்கு அனுப்ப உறை தேடியபோதுதான் மிருகசேனன் கதை நினைவுக்கு வந்தது. உறையை அப்படியே வைத்துவிட்டேன்.

அவந்தி நாட்டு வலைஞன் அவன். முனிவர் ஒருவரை வணங்கி விரதம் கேட்டான். நீ இத்தொழிலை இன்றே விடு என்று அவர் சொல்லவில்லை. உன் வலையில் முதலில் விழும் மீனை மட்டும் விட்டுவிடு என்றார். அன்று ஒரு பெரிய மீன் விழுந்தது. அடையாளத்திற்குத் துணித்துண்டொன்றைக் கட்டி விட்டுவிட்டான். மீண்டும் வலை வீச, அதே மீன். இவ்வாறு ஐந்து முறை. ஐந்து முறையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினான். மனைவி சினந்து கதவடைத்தாள். வெளியே படுத்தவன் பாம்பு தீண்டி இறந்தான். மறுபிறவியில் ஐந்து முறை சாவின் வாயிலிருந்து தப்பினான்.

பிடித்து விட்டவனைப் போற்றும் கதை நம்மிடமே இருக்கிறது! மீனின் பக்கம் நின்று பார்த்தால், மிருகசேனன் வலையிலும் அது ஐந்து முறை துடித்திருக்கும். யெல்லோஸ்டோன் ஆற்றின் அதே ஆய்வில், ஒரு மீன் ஒரு பருவத்தில் சராசரியாக 9.7 முறை பிடிபட்டது என்று கணக்கிட்டிருந்தார்கள். அந்த மீனுக்கு இருவரிடையே வேற்றுமை தெரியுமா?

தெரியாமல் இருக்கலாம். விடும் கைக்குத் தெரியும். மிருகசேனன் விட்டது அவன் விருப்பத்திற்கு மாறானது. அவன் இரவு உணவு அந்த மீனோடு ஆற்றில் போயிற்று. தூண்டிற்காரன் விடுவதோ விளையாட்டின் ஒரு பகுதி. நாளை மீண்டும் பிடிக்கலாம் என்பதும் அதில் அடங்கும். ஒருவன் விடும்போது ஒன்றை இழக்கிறான். மற்றவன் ஒன்றையும் இழப்பதில்லை. இதுவரை எனக்குத் தெளிவாக இருந்தது. தெளிவில்லாமல் போனது அந்த முனிவரைப் பற்றி எண்ணியபோதுதான். அவர் கொடுத்தது எத்தனை சிறிய விரதம்! நான் பேரனிடம் கேட்டதோ முழுவதையும், ஒரே மூச்சில், காரணமும் சொல்லாமல்.

மறுமுறை பேசும்போது நான் எண்ணியவற்றைச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "ஒன்று கேட்டால் கோபிக்க மாட்டீர்களே பாட்டி? அம்மா கலியாணத்திற்கு எடுத்த காஞ்சிபுரம் பட்டில் எத்தனை புழு?" என்றான். கொதிநீரில் இட்ட கூடுகளை நான் எண்ணியதில்லை. எண்ணியதில்லை என்றே சொன்னேன். என் பெட்டியில் நான்கு பட்டுப்புடவைகள் இருக்கின்றன. நாற்பது ஆண்டுகளாக விசேட நாள்களில் அவற்றையே உடுத்தி வந்தேன். அந்தப் பேச்சிற்குப் பின் ஒன்றையும் எடுக்கவில்லை. இனி எடுப்பேனா என்பதை அடுத்த கலியாணந்தான் சொல்லும்.

அன்று அவனிடம் ஒன்றுதான் கேட்டேன். "அட்டமி, சதுர்த்தசி நாள்களில் மட்டும் கோலை எடுக்காதே கண்ணா. ஆற்றுக்குப் போ, பூச்சி எழுவதையும் மீன் எழுவதையும் பார், வந்துவிடு" என்றேன். சரி என்றான். இந்தச் 'சரி' முதற் 'சரி' போன்றதன்று என்று குரலிலேயே தெரிந்தது. நாள்காட்டியில் குறித்து அனுப்பினேன்.

நான்கு திங்கள் கழிந்தன. சென்ற வாரம் ஒரு படம் அனுப்பியிருக்கிறான். அவன் உள்ளங்கையில் ஒரு பொய்ப் பூச்சி; சேவலிறகும் மயிலிழையும் அப்படியே இருக்கின்றன. முள்ளின் வளைவை மட்டும் குறடால் வெட்டி எடுத்திருக்கிறான். அங்கே வேறு சிலரும் இவ்வாறு செய்வதுண்டாம். மீன் மேலெழுந்து வாயில் வாங்கி, உணவன்று என்று உணர்ந்து துப்பிவிட்டுப் போய்விடுகிறது. முள் இல்லை, இழுப்பில்லை, வலியில்லை. கீழே எழுதியிருந்தான்: "இப்போதும் ஏமாற்றத்தான் செய்கிறேன் பாட்டி. நான்கு கசாயங்களில் மாயையும் ஒன்று என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்? இதுவும் கூடாதா?"

தகரப் பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு பூச்சிகளுக்கும் முள் இன்னும் இருக்கிறது. அவன் கேள்விக்கு நான் இன்னும் விடை எழுதவில்லை.